தையல் இல்லாத இடுப்புப் பட்டி

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் பஸ்ஸில் நெரிசல் கூடும்போது றம்லத் அக்காவின் வலது கட்டைவிரல் தானாக வேலை தொடங்கிவிடும். முன்னால் நிற்கும் பெண்ணின் தோளில் தொங்கும் பையை முதலில் பார்ப்பார். பார்வை வாரில் இறங்கி, வாரும் பையும் சேரும் இடத்தில் நிற்கும். பிறகு நகம் போகும். மெழுகு நூலை இழுத்து இழுத்து அந்த நகத்தின் ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று விழுந்திருக்கிறது. தையல் அதற்குள் பொருந்தி ஓடும். நூல் தளர்ந்த இடத்தில் நகம் தடுக்கும். உடனே உதட்டிலிருந்து 'ச்சு' என்று ஒரு சத்தம்.

ஒரு நாள் அந்தச் சத்தத்துக்கு ஒரு பெண் திரும்பிவிட்டாள். "என்ட பேக்க தொறக்கவா பாக்குறீங்க?"

"தொறக்கல்ல மிஸ். அது தானாத் தொறக்கப் போகுது. இந்த இடத்தால நூல் விட்டிரிச்சு."

கண்டக்டர் பாதி வழியில் இறங்கச் சொன்னார். அக்கா இறங்கி நடந்தார். மறுநாள் இதை என்னிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் இறக்கிவிட்டதில் இல்லை. "அந்தப் பேக் கட்டாயம் அந்தக் கிழமையே பிஞ்சிருக்கும் தம்பி," என்றார்.

கொழும்பு வீதியில் ஒரே மாடிப்படிக்கு இந்தப் பக்கம் நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடை, அந்தப் பக்கம் அவருடைய தோல்பட்டறை. இரண்டுக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். அவர் குத்தூசியை வைப்பதும் எடுப்பதும், கதிரையை இழுப்பதும், எழுந்து ஜன்னலுக்குப் போவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். முழுதாக ஒரு பக்கம் வாசிக்க விடமாட்டார். தைக்கும் நேரம் மட்டும்தான் அமைதி. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரண்டு பக்கத்தாலும் விட்டு இழுக்கும்போது அவருடைய கால்கூட ஆடாது.

பட்டறை முதலில் அவர் கணவருடையது. ஸ்கூல் பேக் ஜிப் மாற்றும் கடையாக இருந்தது. கணவர் கட்டாருக்கு டிரைவர் வேலைக்குப் போனபோது கடையை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா மூடவில்லை. ஜிப் மாற்றினார், பழைய பைகளைப் பிரித்துப் பார்த்தார், பிரித்ததைப் போலவே வெட்டித் தைத்தார். பிறகு வாவிக்கரைக் கடைகளுக்குக் கைப்பைகள் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் வராமல் போன வருடங்களில் குர்ஆன் உறை, ஃபோன் உறை என்று எதையாவது செய்து கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

அப்போதுதான் அக்குறணை ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் வந்தார். அவர் மக்காவுக்கு, உம்றா யாத்திரைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர். பாஸ்போர்ட்டும் காசும் வைத்து இடுப்பில் கட்ட எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பட்டி வேண்டும் என்றார். ஒரேயொரு நிபந்தனை.

"தையல் ஈக்கக் கூடாது மகள்."

யாத்திரைக்கான வெள்ளைத் துணியான இஹ்றாம் கட்டிய ஆண்கள் தைத்த உடை உடுத்தக் கூடாது. பட்டியில் தையல் இருந்தால் பரவாயில்லை என்று மார்க்கம் படித்த ஆலிம்கள் சொன்னாலும் சிலருக்கு மனம் கேட்காதாம். பெண்களுக்கு அந்தத் தடையே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்றார் ஹாஜியார்.

அக்கா சரி என்றுவிட்டார். அதற்குப் பிறகு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியே இல்லாமல் போயிற்று. தோலை நனைத்து மடித்து, காயும் வரைக்கும் கட்டைக்குள் இறுக்கி, மடிப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பிரஸ் பட்டன் அடித்து ஒரு பட்டி செய்வார். பிறகு அதில் தன் ஃபோனையும் சாவிக்கொத்தையும் போட்டு உதறுவார். விழாது. மறுபடி உதறுவார். நகத்தால் தடவிப் பார்ப்பார். தடவத் தையல் இல்லை.

"நூல் இல்லாத சாமான நான் எப்பிடித் தம்பி நம்புற?" என்பார் என் கடை வாசலில் நின்று. "மக்காவில சனத்துக்குள்ள பட்டன் களண்டா? ஒரு ஆள்ட பாஸ்போர்ட் விழுந்தா?"

அவருடைய பயமெல்லாம் பட்டன்களிலேயே நின்றது. எல்லாப் பட்டிகளும் ஹாஜியார் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பயம் இறங்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், பட்டிகளின் உட்பக்கத்துக்குப் போட்டு மிஞ்சிய உள்தோலில் சின்ன பர்ஸ் வெட்ட உட்கார்ந்தார். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் ஆட்டுத்தோல் என்று வாங்கிய துண்டுகள் அவை. மேலே பளபளப்பான பூச்சு, பின்னால் ஒட்டிய துணி. பர்ஸுக்கு மெல்லியதாக வேண்டுமென்று துணியை ஊறவைத்து உரித்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றார். தலையில் போட்டிருந்த துணி நழுவியிருந்ததைக் கவனிக்கவில்லை.

"தம்பி, அந்த ஸ்க்ரூ பாக்குற பூதக் கண்ணாடியத் தாங்க."

துண்டை விளக்குக்குக் கீழே விரித்துக் கண்ணாடியை வைத்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். தோல் முழுதும் ஊசிக்குத்துப் போலத் துளைகள். சிதறியதாகத்தான் முதலில் தெரிந்தது. பார்க்கப் பார்க்க ஒழுங்கு தெரிந்தது. மூன்று மூன்றாக நின்றன, சின்னச் சின்ன முக்கோணங்கள்.

"ஆட்டுக்கு வரிசையா ஈக்கும்," என்றார். "மூணு மூணா முடி முளைக்கிறது ஒண்டுக்குத்தான்."

அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். "பன்றியாக்கா?"

அவர் தன் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். நனைத்து நனைத்து மடித்த கைகள்.

அக்காவின் தம்பி ஸிபான் என் நண்பன், த்ரீவீல் ஓட்டுகிறவன். அவன் வந்தபோது அக்கா படிக்கட்டுப் பூச்சாடியிலிருந்து மண் அள்ளித் தண்ணீரில் கலந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பன்றி ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டுமாம்: ஒரு தடவை மண், ஆறு தடவை வெறும் தண்ணீர். பிறகு கத்தி, குத்தூசி, கட்டை, மேசை எல்லாவற்றுக்கும் அதே கணக்கு.

"ராத்தா, ஒங்களுக்கும் எனக்கும் இவனுக்கும்தான் தெரியும்," என்றான் ஸிபான். "இவன் வாயே தொறக்க மாட்டான். நாளண்டைக்கு அவங்க ப்ளைட் ஏறிருவாங்க. தெரியாமச் செஞ்சதுக்குக் குத்தம் இல்ல."

"அது நேத்து வரைக்கும். இப்ப எனக்குத் தெரியுமே."

அக்கா ஹாஜியாருக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிறகு ஹாஜியார் மெதுவாகச் சொன்னார்: "மகள், ஒண்டு செய்வம். பட்டன் சரியில்லண்டு சொல்லி எல்லாத்தையும் திருப்பி எடுத்துருவம். நீங்களும் தப்பிருவீங்க, நானும் தப்பிருவேன்."

அக்கா ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார். அந்த யோசனை அவருக்கும் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"ஏலாது ஹாஜியார். ஈரக் கையால தொட்டிருப்பாங்க. காரணம் தெரிஞ்சாத்தானே கழுவுவாங்க? கழுவாமத் தொழுதா?"

"கடையால ஒரு சாமான் போகாது பொறகு."

"தெரியும்."

மறுநாள் காலை பட்டிகளைத் திருப்பி வாங்க ஸிபானின் த்ரீவீலில் புறப்பட்டோம். அக்கா பின்னால், பக்கத்தில் உரச் சாக்கு. சாக்கைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று ஸிபான் என்னையும் ஏற்றிக்கொண்டான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. அக்கா ஸிபானின் சீட்டுக்குப் பின்னால் இருந்த கிழிசலை நகத்தால் பிரித்துக்கொண்டே வந்தார்.

"ராத்தா, சீட்ட விட்டிருங்க. அதும் ஆட்டுத்தோல் இல்ல, ரெக்ஸின்," என்றான் அவன். யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்று அதையேதான் சொன்னார். "உள்தோல் பண்டித்தோல். நான் பாக்காம விட்டுட்டேன். பட்டியத் தாங்க. ஈரம் பட்டிருந்தா மண் போட்டுக் கழுவிருங்க." அக்குறணையில் ஒருவர் பட்டியைக் கம்பு நுனியில் தூக்கிவந்து சாக்குக்குள் போட்டார். இன்னொரு வீட்டில், "கண் தெரியாட்டி பக்கத்துலதானே கண்ணாடிக் கடை ஈக்குது?" என்று ஒரு குரல் உள்ளேயிருந்து வந்தது. நான் சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்தேன். ஒரு வீட்டில் மட்டும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அக்கா குடிக்கவில்லை. உட்காரவே இல்லை.

கடைசி வீடு மடவளையில், அதே கூட்டத்தோடு உம்றா போகும் றலியா மாமியுடையது. பூட்டிக் கிடந்தது. பேத்தி ஆஸிகாவோடு முந்தின நாளே கொழும்புக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கிருந்தே விமான நிலையத்துக்குப் போவாராம். மாமியின் ஃபோன் அடித்து அடித்து நின்றது. அக்கா பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். சொன்னதையே இரண்டு தரம் சொன்னார். முடிவில், "மாமி, என்ன ஏசிக்கோங்க, ஆனா அதக் கட்டிக்கொண்டு போயிராதீங்க," என்றார்.

ஒரேயொரு பட்டி. மற்றவை எல்லாம் சாக்கில் இருந்தன. அவற்றை வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். அந்த ஒன்று மட்டும் எங்கே யாருடைய இடுப்பில் சுற்றுகிறது என்று தெரியாமல் அந்த நாட்களைக் கடத்தினார். குரல் செய்திக்குப் பக்கத்தில், கேட்டாயிற்று என்று காட்டும் நீல அடையாளம் விழவில்லை. பாங்கு சொல்லும்போதெல்லாம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கதிரை இழுபடும். தொழுது முடித்து ஃபோனைப் பார்ப்பார். அங்கே இப்போது என்ன நேரம், கஃபாவைச் சுற்றுகிற நேரமா என்று என்னிடம் கேட்பார், எனக்குத் தெரியும் என்பதுபோல. ஹாஜியார் சொன்னபடியே ஆட்கள் வருவது குறைந்தது. அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு கைப்பையைத் தைக்கத் தொடங்கி, பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி பிரித்தார். தைக்கும்போதும் கால் ஆடியது.

மாமி திரும்பிய கிழமையே படியேறி வந்தார். கையில் பேரீச்சம்பழமும் மக்காவின் ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலும். சிரித்தார். வாய்க்குள் ஒரு பல்லும் இல்லை.

"என்ன மாமி இது?" என்றார் அக்கா. கேட்க நினைத்தது வேறு.

"பல்செட்டா? சனத்துக்குள்ள எங்கயோ விழுந்துட்டு மகள். பத்து நாளும் கஞ்சியும் சூப்பும்தான். பேரீச்சம்பழத்தச் சப்பிச் சப்பி விழுங்கினேன்."

அக்கா பழத்தட்டை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "மாமி, நான் அனுப்பின வொய்ஸ்..."

"என்ன வொய்ஸ்? எனக்கு அதெல்லாம் போட்டுக் கேக்கத் தெரியுமா? ஆஸிகா ஈந்தாத்தான்."

அக்கா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். வாசலில் நின்று சொன்ன அதே வார்த்தைகள்தான். மாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பட்டியா? நான் கட்டவே இல்லயே. எறுகலா ஈந்துச்சு. கொழும்புலயே கழட்டி வெச்சிட்டேன். மருமகள் வீட்ட துப்புரவாக்கக்குள்ள தூக்கிப் போட்டிருப்பா."

"மெய்யாவா மாமி?"

"இந்த வாயால பொய் சொன்னா அதும் காத்தாத்தான் போகும்," என்று மாமி ஈறு தெரியச் சிரித்தார்.

அக்கா முதன்முறையாகக் கதிரையில் முழுதாகச் சாய்ந்தார். மாமியின் மடியில் ஒரு கைப்பை இருந்தது. அக்காவின் நகம் மெல்லப் போய் அதன் தையலில் ஏறியது. "ச்சு," என்றார். "இத வெச்சிட்டுப் போங்க மாமி. தெச்சுத் தாறேன்."

அன்று பின்னேரம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பல மாதங்களுக்குப் பிறகு மாமியின் கண்ணாடிக்குக் கால் மாற்ற ஆஸிகா எங்கள் கடைக்கு வந்தாள். பலகைச் சுவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, அக்காவிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் மாமி உள்ளே போவதற்குச் சற்றுமுன் அந்தக் குரல் செய்தியை அவள் மாமியின் ஃபோனிலிருந்து தன் ஃபோனுக்கு மாற்றிப் போட்டுக் காட்டியிருக்கிறாள்; அதனால்தான் அக்காவுக்கு நீல அடையாளம் விழவில்லை. பட்டி அப்போது மாமியின் இடுப்பில்தான் இருந்தது. கீழ்ப்பல் உறுத்துகிறது என்று பல்செட்டைக் கழற்றி, ஈரத்தோடு பட்டியின் உள்ளறைக்குள்தான் வைத்திருந்தார். பல்செட்டைக் கழுவ மண்ணுக்காக ஆஸிகா ஓடியபோது அங்கிருந்த பூச்சாடிகளில் பிளாஸ்டிக் செடிகள்தான் இருந்தன. மாமி பாஸ்போர்ட்டையும் காசையும் எடுத்துக்கொண்டு, பட்டியைப் பல்செட்டோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறார்.