மடிக்கணினிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று பொட்டு வாங்காமல் தப்பித்த பொருள் எதுவும் கிடையாது. கார், மோட்டார் சைக்கிள், அரிசி குக்கர், துணி துவைக்கும் மெஷின், இணைய மோடம், என் ஸ்பேனர் பெட்டி என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போவேன். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வைத்த பொட்டைத் துடைக்கவும் மாட்டோம். அது தானாகக் காய்ந்து, மங்கி, உதிர்ந்து போக வேண்டும். இரண்டு நாள் போனால் அது கண்ணிலேயே படாது. ஐஸ் பெட்டியின் பொட்டை யாராவது உட்கார்ந்து உற்றுப் பார்த்திருக்கிறார்களா?

அந்த ஆண்டு மடிக்கணினிக்கும் வைத்தேன். மூடியைத் திறந்து, திரைக்கு மேலே உள்ள விளிம்பில், சரியாக நடுவில். நெற்றியில்தானே பொட்டு வைக்க வேண்டும்? கொஞ்சம் பெரிய பொட்டாகவே வைத்தேன். கணினி பழையது, அருள் கூடுதலாகத் தேவைப்பட்டது.

அதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் ஈப்போவில் லாரி உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். கடையில் ஓரமாகப் போட்டிருந்த மடிக்கணினியை முதலாளி எனக்குத் தள்ளிவிட்டார். திறந்தால் ஒரு கோப்பி குடித்து முடிக்கும்வரை திரையில் வட்டம் சுற்றும். அப்போது கூட வேலை செய்யும் ஒருவன், "மச்சான், விண்டோஸத் தூக்கிட்டு லினக்ஸ் போடு லா. ஃப்ரீ. பறக்கும்," என்றான். போட்டேன். பறக்கத்தான் செய்தது. அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது பித்து.

முதல் நாளே ஒரு கூத்து. டெர்மினல் என்று ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதில்தான் கட்டளைகளை எழுத வேண்டும். அது கடவுச்சொல் கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை ரோசாக், கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து, கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து செருகினேன். அதிலும் எதுவும் விழவில்லை. அங்கே கடவுச்சொல் அடித்தால் வெளியே தெரியாது, அதுதான் அதன் வழக்கம் என்பது மறுநாள் படித்துத் தெரிந்துகொண்டது. புதிய விசைப்பலகையை ஏன் வாங்கினேன் என்று மனைவி கேட்டதற்கு, "பழசுல எழுத்து தேஞ்சுபோச்சு," என்றேன்.

இவ்வளவு ஞானம் வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரருக்கு லினக்ஸ் உபதேசம். தெலுக் இந்தானில் இருக்கும் என் அக்காவின் கணினியை ஒரு சனிக்கிழமை போய் லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவர் வீட்டுப் பிரிண்டர் ஒரு தாள்கூடத் துப்பவில்லை. அக்கா நல்லவர், அதைக் குறையாகச் சொல்வதில்லை. அதன் மேல் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டார்.

என் மனைவியின் கதைக்கு வருகிறேன். கையுறைத் தொழிற்சாலையில் பல வருடம் பேக்கிங்கில் இருந்தவள். தொழிற்சாலையை மூடினார்கள். அதன்பின் எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டாள். ஒருவரும் பதில் போடவில்லை. அவள் வயதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், சொல்லமாட்டாள். ஆயுத பூஜை முடிந்த வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து முதல்முறையாகப் பதில் வந்தது. தமிழ் பேசும் வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு ஃபோனில் பதில் சொல்லும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. கேமரா உள்ள கணினியில்தான் வர வேண்டும், கைத்தொலைபேசி கூடாது என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அவள் அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தாள். அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, "வணக்கம், சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்று பழகிப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் நல்லா இருக்குதானே?" என்றாள்.

"என்கிட்ட இருக்கற கம்ப்யூட்டரா? கேக்கவே வேணாம்," என்றேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து கேமராவைத் திறந்து பார்த்தேன். கறுப்பு. பக்கத்திலிருக்கும் சின்ன விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை. நன்றாக உற்றுப் பார்த்தால் கறுப்பின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, உண்மையைச் சொல்கிறேன். தீர்ப்பதற்கு ஒரு சிக்கல் கிடைத்துவிட்டதே.

"டிரைவர் பிரச்சன," என்றேன்.

மனைவி பின்னால் நின்று பார்த்தாள். "ஏங்க, மேல அந்த..."

"மேல கீழன்னு இதுல ஒன்னும் இல்ல. சிஸ்டத்துக்கும் கேமராவுக்கும் நடுவுல பேச்சு வார்த்த நடக்கல. அதான் டிரைவர். உனக்குச் சொன்னாப் புரியாது."

சரி என்று போய்விட்டாள். இதற்கு முன் ஒரு தடவை அவள் விசைப்பலகையைத் துடைத்ததற்கு நான் ஒரு வாரம் கத்தியிருக்கிறேன். என் கணினியை அவள் தொடமாட்டாள். தவிர, வேலைக்குக் காத்திருக்கும் நேரத்தில், பூஜையில் வைத்த ஒன்றைக் கலைக்கவும் அவளுக்கு மனம் வந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை இணையத்தில் தேடி ஒரு கட்டளையை எடுத்து ஒட்டினேன். அது வேறு எதையோ பதிவிறக்கியது. இன்னொன்றை ஒட்டினேன். வைஃபை காணாமல் போனது. அதை மீட்க மூன்று கட்டளை. கேமரா அப்படியேதான் இருந்தது. நடுவில் அவள் வந்து, "நான் ஒன்னு சொல்லவா?" என்றாள். "பாஸ்வேர்டு அடிக்கிறேன், பேசாத," என்றேன். வெளியே தெரியாத கடவுச்சொல்லுக்கு அவள் பேச்சு என்ன இடைஞ்சல் செய்திருக்கும் என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை.

புதன்கிழமை லீவு போட்டேன். இயங்குதளத்தின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒன்று உண்டு. அதையே மாற்றிவிடுவது என்று துணிந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கேமரா கறுப்பாகவே இருக்க, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரும் ஊமையாகிவிட்டது. அப்போது மனைவி மூன்றாவது முறையாக வந்தாள். கையில் ஈரத் துணி. பக்கத்தில் நின்றாள்.

"தண்ணியக் கிட்ட கொண்டு வராத. ஷார்ட் ஆயிரும்," என்றேன்.

அவள் துணியைப் பிழிந்து அடுப்பு மேடையைத் துடைக்கப் போய்விட்டாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வேறு வழியில்லாமல் லினக்ஸ்காரர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் உதவி கேட்டு எழுதினேன். என் ஆங்கிலத்தில் பணிவு வழிந்தது. அன்புள்ள ஐயா என்று தொடங்கி, செய்த கட்டளைகள் அத்தனையையும் பட்டியல் போட்டு, திரையில் வந்த பிழைச் செய்திகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துச் சேர்த்தேன். பூனைப் படம் போட்ட ஒருவர் பதில் கேள்வி கேட்டார். பனி பெய்யும் நாட்டுக்காரராம். "உங்கள் படத்தில் திரைக்கு மேலே மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறதே, அது என்ன?"

எனக்குச் சுரீர் என்றது. டிரைவரைப் பற்றிக் கேட்டால் இவர் நம் பண்பாட்டைக் கேட்கிறாரே. ஆயுத பூஜை என்றால் என்ன, உழைக்கும் கருவிகளைக் கும்பிடும் இனம் எங்கள் இனம், சந்தனத்தின் குளிர்ச்சி எத்தகையது என்று ஐந்து பத்தி எழுதினேன். இது எங்கள் சமய வழக்கம், கேமரா பிரச்சினைக்கும் இதற்கும் தொடர்பில்லை, தயவுசெய்து மரியாதை கொடுங்கள் என்று முடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. மனைவியைக் கூப்பிட்டுப் படித்தும் காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை இஸ்திரி போடப் போனாள்.

வியாழன் காலை ஏழு மணிக்குப் பதில் வந்திருந்தது. மிகவும் அழகான வழக்கம், விளக்கியதற்கு நன்றி, ஆனால் கேமரா அதற்கு அடியில்தான் இருக்கிறது, துடைத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

கைலி முனையை எச்சில் தொட்டுத் துடைத்தேன். திரையில் ஒரு முகம் வந்தது. மூன்று நாள் தாடியோடு, வாயைத் திறந்துகொண்டு, நான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தாமான், இந்த வீடமைப்புப் பகுதி, இருக்கும் இடம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். என் அப்பா அங்கே பால் எடுக்க மரம் வெட்டியவர். வேலை வாங்கும் தண்டல் சொன்னால் முணுமுணுப்பார்கள், கணக்கு எழுதும் கிராணி சொன்னால் எதிர்க் கேள்வி கேட்பார்கள், வெள்ளைக்காரத் துரை சொன்னால் மறு பேச்சு இல்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். துரை போய், தோட்டம் போய், மரமும் போய், பக்கத்து ஊரான லகாட் வரைக்கும் வீடுகளாக நிற்கிறது. எனக்குள் மட்டும் அந்தத் துரை குதிரையில் வந்துகொண்டுதான் இருக்கிறார். வீட்டில் மூன்று நாளாகச் சொல்ல வந்ததை நான் காதில் வாங்கவில்லை. பூனைப் படம் போட்ட துரை சொன்னதும் அரை நிமிடத்தில் துடைத்துவிட்டேன்.

ஆனால் இந்தப் புத்தி எனக்கு அந்த நிமிடம் வரவில்லை. அந்த நிமிடம் நான் செய்தது, மன்றத்தில் நன்றி எழுதியது. "ஐயா, நீங்கள் ஒரு மேதை. என் மனைவியின் எதிர்காலத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள். என் குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது." அனுப்பிவிட்டுக் கேமராவுக்குத் திரும்பினேன். படத்தில் என் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம். தலைக்குக் குளித்து, துண்டு கட்டி, மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. படித்திருந்தாள்.

"மேதையா?" என்றாள்.

நான் அவசரமாக மன்றப் பக்கத்தை மூடினேன்.

"நேத்து துணியோட வந்தேன் லா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு பனி பெய்யும் நாட்டில் நெய் தேடிய எனக்கு வெட்கமாக இருந்தது. பூஜை அறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, கேமராவுக்கு இரண்டு விரற்கடை தள்ளி அவளே புதிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

படம் வந்துவிட்டது, சத்தம்தான் இல்லை. ஸ்பீக்கர் என் கைங்கரியத்தால் செத்துக் கிடந்தது. வீட்டிலிருந்த காதுக்கருவிகளெல்லாம் கைத்தொலைபேசிக்கானவை, கணினி ஓட்டையில் ஏறாது. தீபாவளிக்குப் பாட்டுப் போடும் பழைய சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் தேடி எடுத்தேன். அதன் ஒயரைச் செருகி ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் சத்தம் வந்தது, கையை எடுத்தால் நின்றது. ஆகவே பத்து மணிக்கு அவள் சேலையோடு மேஜையில் உட்கார, நான் கேமராவில் படாமல் மேஜைக்கு அடியில் குந்தி, கையை மட்டும் மேலே நீட்டி ஒயரைப் பிடித்துக்கொண்டேன்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் பேசினார். பேர், ஊர், பழைய வேலை எல்லாம் கேட்டார். மனைவியின் குரல் முதலில் நடுங்கியது, மேஜைக்கு அடியில் எனக்கு வியர்த்தது. பிறகு அவர் கேட்டார்: "நாம சொல்றதக் காதுலயே வாங்காத கஸ்டமர் வருவாங்க. அப்படி யாரையாவது நீங்க சமாளிச்சிருக்கீங்களா?"

மேலே கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒயர் நழுவிவிட்டதோ என்று இறுக்கினேன்.

"இருக்காருங்க ஒருத்தரு," என்றாள் மனைவி. "அவருக்கு ஒரு சாமான் ரோசாக். என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும். மூனு தடவ சொல்லப் போனேன், விடல."

"அப்புறம்?"

"சத்தம் போட்டா இன்னும் மொரண்டு புடிப்பாரு. கெட்ட எண்ணம் இல்லாதவரு, தனக்குத் தெரியும்னு காட்டிக்கணும், அவ்ளோதான். அதனால பொறுத்திருந்தேன். கடைசியில அதே விசயத்த வேற ஒருத்தர் சொன்னாரு, உடனே கேட்டுக்கிட்டாரு. சாமான் சரியாயிருச்சு."

"உங்களுக்கு நன்றி சொன்னாரா?"

"சொன்னாருங்க," என்றாள். "வேற ஆளுக்கு."

ஸ்பீக்கரில் அந்தப் பெண் சிரித்ததில் மேஜைக் கட்டையெல்லாம் அதிர்ந்தது. இந்த வேலையில் தினமும் அப்படித்தான், அதைத் தாங்கத் தெரிந்தவர்தான் எங்களுக்கு வேண்டும் என்றார். அடுத்த மாதம் முதல் தேதி சேர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். குரல் நடுங்கவில்லை.

கணினியை மூடும் சத்தம் கேட்டது. நான் ஒயரை விடவில்லை, விடத் தோன்றவில்லை. என்ன சொல்லி வெளியே வருவது என்று தேடிக்கொண்டிருந்தேன். மேதை என்ற சொல்லைத்தான் ஏற்கெனவே செலவழித்துவிட்டேனே. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"ஒயர் புடிச்சதுக்குத் தேங்க்ஸ் லா," என்றாள்.

கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. எழுந்து நிற்க அவள் கையைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.