ஞாயிறு நேரலை

செங்கல்பட்டில் எங்கள் சமுதாய வானொலியின் ஞாயிறு காலை 'நேரலையில் டாக்டர்' நிகழ்ச்சியை நடத்துபவன் நான்தான். வியாழக்கிழமையே பதிவு செய்துவிடுவோம். ஞாயிறு டாக்டருக்கும் விடுமுறை, எனக்கும் விடுமுறை. நேயர்களாக எங்கள் அலுவலகப் பெண்களே பேசிவிடுவார்கள். நெம்மேலி, கருங்குழி என்று ஊரை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

ஒரு ஞாயிறு, மறந்துவிட்டு வந்த சார்ஜரை எடுக்க நிலையத்துக்குப் போனேன். வாசலில் இருக்க வேண்டிய காவலாளி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, ஒரு பக்கம் நூல் கட்டிய கண்ணாடி. மேசையில் ஒரு சின்ன ரேடியோ. அதில் என் குரல், "உடனே அழையுங்கள் நேயர்களே!" என்று குழைந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. முதலில் என் குரலைக் குறைத்துவிட்டு, பிறகுதான் எடுத்தார்.

"சொல்லும்மா. எத்தினி நாளா ஜொரம்? கொயந்த பால் குடிக்குதா? இல்லியா? மருந்தெல்லாம் நான் சொல்லக் கூடாதும்மா. இப்பவே ஆட்டோ புடிச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போ. போய்ட்டு எனக்கு ஒரு போன் போடு."

"இதையெல்லாம் யாருங்க உங்களைச் செய்யச் சொன்னது?" என்றேன்.

"நீதான சார் கூப்டுங்கன்னு சொல்லிகினே கீற? கூப்ட்டா யாரு எடுக்கறது?"

மறுபடி போன் அடித்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாத சார். லைவ் போய்கினு கீது."

வெளியே வந்தேன். வாசலில் காவலுக்கு ஆள் இல்லை. நிகழ்ச்சி முடியும்வரை நானே நின்றேன்.