வெடியை வெட்டினோம், படம் வெடித்தது

போன வாரம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு செல்போன் ஒலித்தது. உடனே நான்கு பேர் சட்டைப் பையைத் தடவினார்கள். நானும் கைப்பையைத் திறந்தேன்!

எல்லாருக்கும் ஒரே ரிங்டோன் – ஒரு புதுப் படத்தின் தீம் மியூசிக். டீக்கடையில் அது. மினி பஸ்ஸில் அது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நுழையும்போதும் அதுவே. மியூசிக் இவ்வளவு ஹிட் என்றால், படம் தானாக ஓடிவிடாதா?

ஓடவில்லை. சிவகாசிப் பக்கம் என் சித்தப்பா குத்தகைக்கு எடுத்து நடத்தும் தியேட்டரில் பாதி சீட் காலி. இன்று மாலைக் காட்சியும் இப்படியே இருந்தால் படப்பெட்டியைத் தூக்கிவிடுவோம் என்று மதுரை விநியோகஸ்தர் சொல்லிவிட்டார். பெட்டி போனால் தீபாவளிப் படமும் கிடைக்காது.

சித்தப்பா எனக்கு போன் போட்டார். "எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவ நீ, நம்ம விளம்பர ஆட்டோ ஸ்பீக்கர என்னன்னு பாரு தாயி. ஆட்டோ போற ஊருல எல்லாம் ஏசுதாக."

விளம்பர ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். ஓட்டுவதும் மைக் பிடிப்பதும் காஜா அண்ணன். ஒயர் சரி. ஆம்ப்ளிஃபயர் சரி. ஸ்பீக்கர் பிரமாதம். பிறகென்ன கோளாறு?

பட்டாசு ஆலைகளுக்குப் பக்கத்து ஊருக்குள் நுழைந்தோம். சென்னையிலிருந்து படக் கம்பெனி அனுப்பிய சி.டி.யை அண்ணன் ஓடவிட்டார். அந்த தீம் மியூசிக் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? பெரிய வெடிச் சத்தத்தோடு! உறுமியும் விசிலும் அப்புறம்தான்.

டமார்...

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு பெண் ஈரக் கையோடு ஓடிவந்தார். "எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனிலே?" கம்பெனி என்றால் இங்கே பட்டாசு ஆலை.

ஆட்டோவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு வெடித்தார்.

"ஏலே மைக்செட்டு! எம்மக அங்கன வேலையில இருக்கா. ஒனக்கு வெளாட்டா இருக்கா?"

காஜா அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வேற பேஸ்ஸ ஏத்தி வச்சிருக்கேன்..." என்று முனகினார்.

நேராக வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டு, வெடியை வெட்டினேன். உறுமியிலிருந்து ஆரம்பித்து, விசிலோடு முடித்து, புது சி.டி. போட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு, ஆலை வேன்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரத்தில் அதே ஊர். "முதலில் மன்னிப்பு, அப்புறம் மியூசிக்" என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன்.

அவர் மைக்கைப் பிடித்தார். "தாய்மார்களே! காலையில வெடிச்சது நாந்தேன். இனிமே வெடிக்க மாட்டேன். அடிச்சிராதீக!"

வேனிலிருந்து இறங்கியவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். காலையில் ஏசிய அந்தப் பெண், மகளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "சரி, போடுலே பாட்ட" என்றார்.

உறுமி முழங்கியது. சின்னப் பிள்ளைகள் ஆட்டோவைச் சுற்றி ஆடின. ஊர் ஊராகப் போனோம். யாரும் ஏசவில்லை.

மாலைக் காட்சிக்கு வரிசை ரோடு வரை நின்றது. 'ஹவுஸ்ஃபுல்' போர்டைத் தேடியெடுத்துத் தூசி தட்டினார்கள். தாயும் மகளும் மூன்றாவது வரிசையில். திரையில் அதே வெடி வெடித்தபோது விசில் பறந்தது! டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்டால் கொண்டாட்டம். வாசல் தேடி வந்தால் பதற்றம். சத்தம் ஒன்றுதான்... கேட்கிற இடம் வேறு. விளம்பரம் செய்கிறவர்கள் ஊருக்குள் நுழையும் முன் இதை யோசித்தால் போதும்.

இடைவேளையில், பெட்டியைத் தூக்க விநியோகஸ்தரின் ஆள் வந்து சேர்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டு மதுரைக்கு போன் போட்டார்:

"பெட்டி வராது சார். இங்க எனக்கே சீட்டு இல்ல, நின்னுக்கிட்டுப் பாக்கேன்!"