மேனேஜர் அக்கா கூட்டிப்போன பிள்ளைகள்

தருமபுரி பஸ் நிலையத்தில், காலை எட்டு மணி வெயிலில், ஒரு பெண்ணின் ஹாக்கி ஸ்டிக் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு மேனேஜர் அக்கா நடக்கிறார். குள்ளமான உருவம். பையின் அடிமுனை ஒவ்வொரு அடிக்கும் அவருடைய முழங்காலின் பின்பக்கம் இடிக்கிறது. அவரைப் பற்றி எப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். அணியில் இனி இடமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படும் எந்தப் பெண்ணும் தன் ஸ்டிக் பையைத் தானே தூக்க அவர் விடமாட்டார். துணிப்பெட்டியை அவள் தூக்கலாம். ஸ்டிக் பை மட்டும் அவரிடம். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "கனமா இருக்குதுல்ல" என்று சொல்லியிருப்பார்.

நான் பெண்கள் ஹாக்கி அணி ஒன்றின் இளையோர் பிரிவில் உதவிப் பயிற்சியாளர். ஒரு கம்பெனி நடத்தும் தொழில்முறை அணி அது. முதன்மை அணி வருடத்தில் இரண்டு மாதம் பெரிய நகரங்களில் ஆடும், டிவியில் வரும். அந்த அணிக்கு நாளைய ஆட்டக்காரிகளைத் தயார் செய்வதற்காகத் தருமபுரிக்கு வெளியே ஒரு செயற்கைப் புல் மைதானமும், அதை ஒட்டி ஒரு மாடிக்கட்டட விடுதியும் இருக்கின்றன. பதினாறு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை இருபது பெண்கள் வருடம் முழுவதும் அங்கேதான். கோடையில் தலைமைப் பயிற்சியாளர் ஒரு பட்டியல் போடுவார். இரண்டு பேர், சில வருடம் ஒரே ஒருத்தி, மேலே போவார்கள். பாதிப்பேர் இன்னொரு வருடம் இருப்பார்கள். மிச்சப் பேர் வீட்டுக்கு. பிள்ளைகளை வளர்த்தெடுப்பதுதான் எங்கள் வேலை என்று எல்லோரிடமும் சொல்கிறோம். திருப்பி அனுப்புவதும் அதே வேலையின் பாதி என்பதை யாரும் சொல்வதில்லை. வேலையில் சேரும்போது என்னிடமும் யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் அக்காவுக்கு ஊர் பாலக்கோடு. கணவர் இறந்தபின், ஐம்பது வயதுக்கு மேல், விடுதி வார்டனாக வந்து சேர்ந்தவர். வாழ்க்கையில் ஒருமுறைகூட ஸ்டிக்கைப் பிடித்து ஒரு பந்து அடித்ததில்லை. ஆனால் காலில் கட்டும் ஷின் கார்டு கிழிந்தாலும், ஆதார் கார்டு தொலைந்தாலும், பல் வலித்தாலும் பிள்ளைகள் அவரிடம்தான் போவார்கள் என்பதால் ஒரு வருடத்துக்குள் மேனேஜர் என்ற பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது. கர்நாடக எல்லைப் பக்கத்திலிருந்து வந்த பெண்களிடம் கன்னடத்தில் பேசுவார். ஆட்டம் முடிந்து வரும்போது யார் ஜெயித்தது என்று கேட்கமாட்டார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார். ஒருமுறை என்னிடம் கேட்டார்: "தோத்துட்டு வந்தா இந்தப் புள்ள சாப்பிட மாட்டேங்குது. அந்தப் புள்ள ரெண்டு மடங்கு சாப்பிட்டுட்டுத் தூங்குது. இதுல எது கண்ணு ஆட்டத்துக்கு நல்லது?" பயிற்சியாளர் படிப்பில் அதற்கு விடை இல்லை.

அனுப்பப்படும் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடும் வழக்கத்தை ஆரம்பித்ததும் அவர்தான். நான் சேர்வதற்கு முந்தைய வருடம், கையில் கடிதத்தைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்ட ஒரு பெண் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து சேலத்தில் ஒரு தோழியின் அறையில் இருந்து கண்டுபிடித்தார்களாம். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "லெட்டரு மட்டும் போதும்னு நெனச்சுட்டோம்" என்று அக்கா ஒரே வரியில் சொல்லி முடித்துக்கொண்டார். அதன்பின் அரூரோ, பென்னாகரமோ, எந்த ஊரானாலும் அவரே கூடப் போனார். எனக்கு வேலை இல்லாத நாட்களில் என்னையும் இழுத்துக்கொள்வார். நான் சொல்ல வந்தது அப்படிப் போன ஒரு பயணத்தைப் பற்றி.

அந்தப் பெண் கம்பைநல்லூருக்கு அப்பால் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். நடுக்களத்தில் ஆடுவாள். பந்து வருவதற்கு முன்பே அது எங்கே போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் தரும் பாஸ் கேட்ட இடத்தில், கேட்ட வேகத்தில் வந்து நிற்கும். குறை ஒன்றே ஒன்றுதான்: நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் மூன்று எட்டில் அவளுக்கு வேகம் இல்லை. பதினாறு வயதில் அது தெரியாது. பதினெட்டில், மேல்மட்டத்தில் ஆடுபவர்களுக்கு எதிரே நிறுத்தினால், அது மட்டும்தான் தெரியும். என்னென்னவோ பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். மணலில் ஓடவைத்தேன், படியேற வைத்தேன். இரண்டாம் வருட முடிவில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அவள் கேட்டபோதெல்லாம், "அடுத்த வருசம் பாக்கலாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை எனக்குள் கேட்டிருக்கிறேன். என் சொந்த ஆட்டம் இருபத்தொரு வயதில் முழங்கால் காயத்தோடு முடிந்தபோது, ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே அதைச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதிரி நான் யாருக்கும் செய்யக்கூடாது என்று நினைத்தேன். இதுதான் எனக்குப் பிடித்த காரணம். இன்னொன்றும் உண்டு. அவள் நடுவில் நின்றால் பயிற்சி ஆட்டம் ஒழுங்காக நடக்கும். அவள் கொடுக்கும் பந்தில்தான் முன்களத்தில் ஆடிய இரண்டு கெட்டிக்காரப் பெண்கள் தேறி மேலே போனார்கள். அவளை வைத்து மற்றவர்களை வளர்த்தோம். இதை எழுதவே எனக்கு மூன்று நாள் ஆனது.

மூன்றாம் வருடப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. சொல்லும் பொறுப்பு என்னுடையது. பந்துகளும் கூம்புகளும் கிடக்கும் அறைக்குக் கூப்பிட்டேன். அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றாள். என் வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. "இப்போதைக்கு வூட்டுக்குப் போயிட்டு வா. அடுத்த ட்ரையல்ஸ்ல பாக்கலாம்" என்றேன். "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள். அவள் அழாததைப் பார்த்து, பரவாயில்லை, பக்குவமாகச் சொல்லிவிட்டோம் என்று நான் நிம்மதிப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மூவரும் பஸ் ஏறினோம். அவளும் அக்காவும் ஒரே இருக்கையில், நான் பின்னால். பாதி வழியில் அவள் அக்காவிடம் சொன்னாள்: "அடுத்த தடவ வரும்போது அம்மாகிட்டச் சொல்லி எள்ளுருண்ட செஞ்சு எடுத்தாரேங்கக்கா."

"அடுத்த தடவையா?" என்றார் அக்கா.

"ட்ரையல்ஸுக்குங்க. மெயின் டீமுக்குப் போறதுக்கு முன்னாடி மேடம்தான் கொஞ்ச நாள் வூட்டுல இருந்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. சித்தப்பா ஊரு பூரா சொல்லிட்டாருங்க."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளைகளில் ஒருத்தி பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டரிடம், "இங்கயே எறங்கிக்கறோங்க" என்றார். அவள் ஊருக்கு இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது. "எனக்குக் காலு மரத்துப்போச்சு. நடந்தே போவலாம்."

இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. சாலையோரம் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச்சுவரில் அக்கா உட்கார்ந்தார், ஸ்டிக் பை தோளிலேயே இருக்க. "கண்ணு, மேடம் உங்கிட்ட ஒண்ணு சொல்லணுங்கறாங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், "சொல்லிரும்மா. வூட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லிரு" என்றார்.

சொன்னேன். "உன்ன எடுக்கல. இனிமே ட்ரையல்ஸுக்கும் கூப்பிட மாட்டாங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு." இவ்வளவுதான். ஒரு டெம்போ எங்களைக் கடந்து போகிற நேரம்தான் ஆனது.

அவள் அழவில்லை. "உங்களுக்கு எப்ப இருந்துங்க தெரியும்?" என்று கேட்டாள்.

"ஒரு வருசமா."

"அப்பறம் எதுக்குங்க மேடம் வெச்சிருந்தீங்க?"

இன்னொரு பொய் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அக்கா அங்கே உட்கார்ந்திருந்ததால் எடுக்க முடியவில்லை. "உன்கூட ஆடுனா மத்தவங்க நல்லா ஆடுனாங்க" என்றேன். அவள் அக்காவின் தோளிலிருந்து ஸ்டிக் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அக்கா தடுக்கவில்லை. அவர் பையை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் மெடல் வாங்கிய பழைய படம் ஆள் உயரத்துக்கு. 'எங்கள் ஊரின் பெருமையே வருக வருக' என்று கீழே எழுதி, வாழ்த்துபவர்கள் என்று பதினைந்து இருபது முகங்கள். அவள் அதைக் கடந்துபோனாள், தலையைக் குனியவில்லை. சித்தப்பா மாலையோடு ஓடி வந்தார். அவள் அவரைத் தாண்டி, வாசலில் நின்றிருந்த அப்பாவிடம் போய்ச் சொன்னாள்: "என்ன எடுக்கலப்பா. இனிமே போவ வேண்டியதில்ல."

சித்தப்பா என்னிடம் வந்தார். "என்னங்க மேடம் இது? மூணு வருசங்க" என்றார். குரல்கூட உயரவில்லை. அக்கா முன்னால் வந்து நின்றார். "ஆமாங்க, மூணு வருசங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு எங்களுது. திட்டறதுன்னா எங்களத் திட்டுங்க. புள்ளய ஒண்ணும் கேக்காதீங்க." கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா ஃபிளெக்ஸ் பக்கம் பார்த்து, தம்பியிடம் மெல்லச் சொன்னார்: "காத்து அடிக்குது. கயிறு அவுந்துரும்போல இருக்குது. கழட்டி வெச்சிரு." அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

உள்ளே கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார் அம்மா. எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவியபின் பையிலிருந்து அவளுடைய சான்றிதழ்களையும், தருமபுரியில் ஒரு கல்லூரிக்கான விண்ணப்பத்தையும் எடுத்தார். பெயர், ஊர், மதிப்பெண் எல்லாம் அவரே நிரப்பியிருந்தார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அவள் தொடவில்லை. அம்மா வாங்கி அரிசிப் பானை மேல் வைத்தார். திரும்பி வரும் பஸ்ஸில், எப்படி உங்களால் சாப்பிட முடிந்தது என்று கேட்டேன். "அந்தம்மா காலையில இருந்து அடுப்புல நின்னிருக்குது. நாம சாப்பிடாம எந்திரிச்சா அது எழவு வூடு மாதிரி ஆயிருமில்ல" என்றார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி அவர் பேசவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

அந்த வருடம் அவள் கல்லூரியில் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா போன் செய்வார், எடுக்கமாட்டாள். எட்டு மாதம் கழித்து எடுத்தாள். ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தது. "என்னக்கா பேசுனா?" என்று ஆவலாகக் கேட்டேன். "ஷிப்டு பத்தி பேசுச்சு. கால் வலின்னுச்சு" என்றார். ஒருமுறை அரூர் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், லேசாகத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன். என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. உண்மையில் எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அதற்குப்பின் நான் நேராகச் சொல்லப் பழகிக்கொண்டேன். இது உனக்கு ஆகாது, இப்போதே படிப்பைப் பார், என்று பதினேழு வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இதனால் யாரும் என்னைக் கொண்டாடவில்லை. இரக்கமே இல்லாத பொம்பளை என்று ஒரு தகப்பன் தலைமைப் பயிற்சியாளரிடம் புகார் சொன்னார். கொஞ்சம் பதமாகச் சொல்லக்கூடாதா என்று பயிற்சியாளர் என்னிடம் கேட்டார். நான் ஆகாது என்று சொன்ன ஒருத்தி வேறொரு அணிக்குப் போய் இன்று நன்றாக ஆடுகிறாள். நேராகச் சொல்வதும் சரியாகச் சொல்வதும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொண்டாயிற்று. ஒவ்வொரு கோடையும் முடியும்போது எனக்கு இரண்டு வயது கூடியதுபோல் இருக்கும்.

மேனேஜர் அக்காவையும் ஒருநாள் அனுப்பினார்கள். விடுதிப் பராமரிப்பை வெளியாட்களிடம் ஒப்படைக்கப்போவதாக மெயில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் போனை என்னிடம் நீட்டி, "என்னான்னு பாரு கண்ணு" என்றார். படித்துத் தமிழில் சொன்னேன். அவர் சேவைக்கு நன்றி, மாத முடிவோடு போதும் என்ற இரண்டு விஷயம்தான். "நல்ல மாதிரிதானே எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். "ஆமாங்கக்கா" என்றேன். அவர் கிளம்பிய அன்று எனக்கு அரூரில் ட்ரையல்ஸ். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. பட்டியல் போடுகிறவர்களின் பக்கம் நின்றுகொண்டு அவர் கூட நடந்துபோக எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாகப் பாலக்கோடு பஸ் ஏறினாராம். சமையல்காரம்மா சொன்னார்.

அதற்கப்புறம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது நான்தான். வெளியாட்களின் ஒப்பந்தத்தில் அந்த வேலை இல்லை. ஒருநாள் பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் மூன்று மணி நேரம் திட்டு வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில் அக்காவுக்குப் போன் செய்தேன். "முடியலைங்கக்கா. வேலைய விட்டுரலாம்னு இருக்கறேன்" என்றேன்.

"விட்டுரு கண்ணு" என்றார் உடனே. "எத்தன நாளைக்குத்தான் பண்ணுவ. பட்டியல்ல பேரு இல்லாதவங்க எல்லாரையும் வூட்டுல விட்டாச்சா?"

"இன்னும் ரெண்டு பேருங்க."

"அந்த ரெண்டு புள்ளைங்களயும் விட்டுட்டு வந்து, அப்பறம் விட்டுரு."

அவர் அதைச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கோடைக்கான பட்டியல் போன வாரம் வந்தது, இந்தமுறை அதில் பெயர் இல்லாதவர்கள் நான்கு பேர். நாளைக் காலை முதல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அரூர் பஸ் ஏறவேண்டும். அவளிடம் இன்று மதியமே சொல்லிவிட்டேன். மாடியில் பெட்டி கட்டும் சத்தம் கேட்கிறது. நடுநடுவே நின்று நின்று கேட்கிறது. அவள் இன்னும் சாப்பிடவில்லை. எழுந்துபோய்க் கூப்பிட வேண்டும்.