திருநின்றவூரில் ஒரு குறிஞ்சிச் செடி

என் மனைவி கொடைக்கானல் மேல்மலைக்காரி. குறிஞ்சி பூத்த வருஷத்தில் பிறந்தவள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. போன தடவை அவளுடைய மலை முழுக்க நீலமாகப் பூத்துக் கிடந்தபோது, அவள் நுரையீரல் கெட்டு இங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்து வரும் அடுத்த பூப்புக்குக் கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு டாக்டர், இனி மலைப்பக்கமே போகக்கூடாது, அங்கே மூச்சு போதாது என்று சொல்லிவிட்டார். இப்போது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது.

"நான் போகக்கூடாதுன்னா அது இங்க வரட்டும்" என்றாள். அவள் தம்பி தன் தோட்டத்து ஓரத்திலிருந்து ஒரு செடியை வேர்மண்ணோடு சாக்கில் கட்டி எடுத்துவந்தான். உயரமான மலைகளைத் தவிர வேறெங்கும் தானாக முளைக்காத செடி. அதைச் சென்னைப் பக்கம் திருநின்றவூர் வாடகை வீட்டு பால்கனியில் பூக்கவைத்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். புத்தியுள்ளவன் செய்கிற காரியமா?

தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. காலையும் மாலையும் மண்மேல் ஐஸ் கட்டி. மார்கழியில் புது இலை விட்டது. அவள் கட்டிலில் இருந்தபடியே பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சார், அவனவன் மேனேஜருக்கு ஐஸ் வெப்பான், நீ செடிக்கு வெச்சுகினு கீறே?" என்றார் கீழ்வீட்டு ஆட்டோக்காரர். நானும் சிரித்தேன்.

அக்னி நட்சத்திரத்தில் எல்லாம் போயிற்று. இலைகள் ஓரம் கருகின. செடியை அவளுடைய ஏசி அறைக்குள் கொண்டுவந்து வைத்தோம். அங்கேயும் உதிர்ந்துகொண்டே இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் வெயிலைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன். யாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

கடைசியில் அவளே சொன்னாள். "இத மேலயே அனுப்பிடுங்க. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஊர்ல இருக்கட்டும்."

தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். கீழே வந்து தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சையே இல்லை. பஸ்ஸில் ஏற்றிவிட ஆட்டோவோடு நின்ற கீழ்வீட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

"அம்மாகிட்ட இன்னா சார் சொல்லப்போறே?"

இருவருமாக ஏரிக்கரைக்குப் போய் அதைப் போட்டுவிட்டு வந்தோம்.

அவள் தம்பியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் போனிலேயே அழுதான். அவளோ தினமும் கேட்கிறாள், "துளிர் விட்டுச்சாமா?"

"விட்டிருக்காம்" என்கிறேன்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது பூக்கறப்ப நான் இருக்க மாட்டேங்க. எனக்குத் தெரியும். நீங்க தனியாவாவது போய்ப் பாத்துட்டு வாங்க. நம்ம வீட்டுல இருந்த செடி, யாரும் வரலன்னா அதுக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

"போறேன்" என்றேன்.