டேப்பம்மாவும் குளியலறைக் கதவும்

டேப்பம்மா என்று கேட்டால்தான் அவரைக் காட்டுவார்கள். ரேஷன் அட்டையில் வேறு பெயர் இருக்கிறது, அது யாருக்கு வேண்டும்? கைப்பையில் சாவிக்கொத்து, மாத்திரை அட்டை, அதற்கு மேல் ஓர் இரும்பு அளவு டேப். யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னலை அளந்துவிட்டுத்தான் உட்காருவார். "இதுல காத்து எப்படி வரும், அனுமதி கேட்டுட்டா வரும்?" என்று வீட்டுக்காரரை ஒரு வாங்கு வாங்கிவிட்டுத்தான் டீயைத் தொடுவார்.

வயது ஐம்பத்தாறு. முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்த கால். மெஷின் சத்தம் தூங்க விடவில்லை என்று ஒரு வீட்டுக்காரன் விரட்டினான், பிள்ளை அழுகிறது என்று இன்னொருவன் விரட்டினான். பன்னிரண்டு வருடத்தில் ஏழு வீடு. ஏழாவது வீட்டுக்காரன் சாமான்களைத் தெருவில் தூக்கிவைத்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அவர் அழவில்லை, கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டு ஓடிவந்த ஆறு பேர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் வீட்டுச் சங்கம். கூலிக்காரர்களால் கட்டக்கூடிய வாடகையில் வீடு, வாடகை கட்டும்வரை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது, லாபம் என்று ஒன்று எவனுக்கும் கிடையாது. இருபது வருடத்தில் இரண்டு கட்டடம் எழும்பிவிட்டது.

அதில் டேப்பம்மா செயலாளர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தலைவர். தங்கமான மனிதர், அதுதான் தொல்லையே. யார் மனமும் நோகக் கூடாது என்று எதற்கும் தலையாட்டிக்கொண்டிருப்பார். டேப்பம்மா அதற்கு நேர் எதிர். "உன் கோபத்தை பாட்டில்ல அடைச்சு வித்திருந்தா நாமளே நாலு வீடு கட்டியிருக்கலாம்" என்பார் அவர் கணவர். சொல்லிவிட்டு உடனே வேறு அறைக்குப் போய்விடுவார்.

இப்போது மூன்றாவது கட்டடம். இருபத்து நாலு வீடு. ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்கிறார்கள். வியாழக்கிழமை காலை டேப்பம்மா ஒவ்வொரு வீடாக அளக்கக் கிளம்பினார். முதலில் போனது கீழ்த்தளத்தில் முதல் வீடு. லாரி டிரைவர் ஒருவருக்கு ஒதுக்கியது. எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்த விபத்தில் அவருக்கு இரண்டு காலும் போய்விட்டன. சக்கர நாற்காலிதான். இப்போது இருக்கிற ஒற்றை அறையில் கழிப்பறை வெளியே, ஒன்பது குடும்பத்துக்குப் பொது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் அவர் மனைவிதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்து, கதவு மூடாமல், தன் முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பார். சங்கத்தின் விண்ணப்பத்தில், என்ன வசதி வேண்டும் என்ற இடத்தில் மற்றவர்கள் அலமாரி, தண்ணீர், பால்கனி என்று எழுதியிருந்தார்கள். டிரைவர் எழுதியது ஒரே வரி: "நானே உள்ள போய் நானே தாழ்ப்பாள் போடணும்."

அந்த வரியைப் படித்துவிட்டு டேப்பம்மா நேரில் போய் நாற்காலியை அளந்து வந்திருந்தார். அகலம் இருபத்தைந்தரை அங்குலம். இப்போது குளியலறைக் கதவைத் திறந்து டேப்பை வைத்தார். இருபத்து நாலு. மறுபடி வைத்தார். இருபத்து நாலுதான், டேப் என்ன பொய்யா சொல்லும்?

"சார்! முப்பதுன்னு சொன்னது இங்க எப்படி இருபத்து நாலு ஆச்சு?"

எஞ்சினியர் செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்தார். "முப்பதுதாம்மா விட்டிருக்கோம். அது சுவத்தோட அளவு. ரெண்டு பக்கமும் நிலை உக்காருது, கதவோட கனம் வேற இருக்கு. அதெல்லாம் போக மிச்சம்."

"அப்ப நாற்காலி எப்படிப் போகும்?"

"வீட்ல சம்சாரம் இருக்காங்கல்ல? ஒரு கை குடுத்தா ஆச்சு. இந்த வாடகைக்கு இது போதாதாம்மா?"

போதாதா என்ற சொல்லைக் கேட்டதும் டேப்பம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. "உங்களைத் தினமும் யாரு சார் தூக்கிட்டுப் போய் உக்கார வைக்கிறாங்க? உங்க சம்சாரமா? ஒரே ஒரு நாள் கதவைத் திறந்துபோட்டுட்டு உக்காந்து பாருங்க, அப்புறம் வந்து போதுமான்னு எனக்குச் சொல்லுங்க!"

எஞ்சினியர் வரைபடத்தை விரித்து ஓரத்தில் விரலை வைத்தார். முதலில் கதவு முப்பத்தாறு அங்குலம் என்றுதான் போட்டிருந்தது. அதை அடித்து முப்பது என்று திருத்தி, கீழே டேப்பம்மாவின் கையெழுத்து. இப்படிக் குறைத்தால் மாடிக்கு ஒரு வீடு கூடுதலாகக் கிடைக்கும் என்று அப்போது சொன்னார்கள். காத்திருப்போர் பட்டியல் மூன்று நோட்டு நிறைய இருந்தது. நாற்காலி இருபத்தைந்தரை, கதவு முப்பது, தாராளம் என்று இவர்தான் போட்டுக் கொடுத்தார்.

முப்பது வருடம் துணி வெட்டியவர். தையலுக்குள் மடிந்துபோகிற துணியைக் கூட்டாமல் ஒரு ரவிக்கை வெட்டினால் கை நுழையாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். சுவருக்கும் அப்படி ஒரு மடிப்பு உண்டு என்று தோன்றவே இல்லையே! எஞ்சினியருக்குத் தெரியும், அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கையெழுத்து அவனுடையது இல்லை. டேப்பம்மாவுக்கு அவன்மேல் இருந்த கோபம் குறையவில்லை, அதே அளவு கோபம் தன்மேலும் வந்தது.

நேராகச் சங்க அலுவலகம் போனார். தலைவர் ஞாயிற்றுக்கிழமை விருந்தினர்களுக்கு நாற்காலி எத்தனை என்று எழுதிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு முகம் வாடிவிட்டது, பாவம். "பதட்டப்படாதீங்கம்மா. அந்த வீட்டை வேற குடும்பத்துக்குக் குடுத்துடலாம். டிரைவர் பேரை அடுத்த கட்டடத்துல முதல் பேரா போட்டுடலாம். யாருக்கும் வருத்தம் இருக்காது."

"அடுத்த கட்டடம் எப்ப வரும்?"

"ஒரு நாலு வருஷம் ஆகலாம்."

"நாலு வருஷத்துக்கு அடக்கிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா சார்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்ல முடியாதபோதெல்லாம் அந்தக் கண்ணாடியில் அழுக்கு சேர்ந்துவிடும்.

மத்தியானம் டேப்பம்மா டிரைவரின் அறைக்குப் போனார். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, கதவு சின்னதாப் போச்சு. நாற்காலி போகாது. நான்தான் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது."

டிரைவர் நாற்காலிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் வெடித்தார். "அளந்துட்டுப் போனீங்களேக்கா! மண்டி போட்டு, தரையில உக்காந்து அளந்தீங்களே! அதைப் பாத்துட்டுத்தானே இந்த மனுசன் ஒன்னரை வருஷமா தூங்கல! என் இடுப்பைத் தொட்டுப் பாருங்க. இன்னும் எத்தனை வருஷம் இது தாங்கும்? எல்லாத்தையும் அளக்கத் தெரியுது, இது தெரியலையா?"

டேப்பம்மா வாழ்க்கையில் பதில் பேசாமல் திட்டு வாங்கியது அன்றைக்குத்தான். முழுவதும் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒரு வழி இருக்கும்மா. கதவை ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் உன் சமையலறை. சுவரை இடிச்சு ஒன்பது அங்குலம் தள்ளிக் கட்டினா கதவை அகலமா வைக்கலாம். பூசி, காஞ்சு, கதவு மாட்ட பத்து நாள் ஆகும். ஆனா சமையலறையில திரும்புறதுக்குக்கூட இடம் இருக்காது."

"திரும்பாமலே சமைக்கிறேன்க்கா. இடிங்க."

வெள்ளிக்கிழமை காலை கொத்தனார் சம்மட்டியை எடுத்தார். முந்தின வாரம்தான் அவரே பூசிய சுவர். "என் கையாலயே இடிக்க வைக்கிறீங்களே" என்று முனகிக்கொண்டே இடித்தார். சத்தம் கேட்டுத் தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னம்மா அநியாயம் இது! நாளன்னிக்கு விழா! கமிட்டியைக் கேக்காம எப்படி இடிக்கலாம்?"

"கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு நேத்தே கேட்டுட்டேனே சார். வேணும்னா என் ராஜினாமாவை எழுதி வாங்கிக்கோங்க. சுவர் விழுந்தப்புறம் தர்றேன்."

தலைவர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் தலைவரைப் பார்த்தார், பிறகு டேப்பம்மாவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி ஓங்கி அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று சாவிதான் தட்டில் இருந்தது. முதல் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் துணி தொங்கியது. சிறு பராமரிப்பு வேலை என்று தலைவர் விருந்தினர்களிடம் சொன்னதுதான் தாமதம், டேப்பம்மா மைக்கை வாங்கிவிட்டார்.

"பராமரிப்பு இல்லைங்க, தப்பு. நான் கையெழுத்துப் போட்ட தப்பு. சாவி வாங்கற எல்லாரும் கேட்டுக்கோங்க, உங்க வீட்டுலயும் அதே கதவுதான். நாளைக்கு உங்கள்ல யாருக்காவது கால் போச்சுன்னா நாற்காலி உள்ள போகாது. குறைஞ்ச வாடகைன்னா குறைஞ்ச கதவுன்னு எவனோ முடிவு பண்ணான், நானும் தலையாட்டிட்டேன். அடுத்த கட்டடத்துல முப்பத்தாறு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைஞ்சாலும் நானே வந்து இடிப்பேன்."

கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விருந்தினர்கள் விழித்தார்கள். தலைவர் மைக்கை வாங்கி எல்லோரும் காபி சாப்பிடலாம் என்றார். ராஜினாமாவை அவர் வாங்கவே இல்லை, நல்ல மனிதராயிற்றே.

பத்து நாள் கழித்து டிரைவர் குடிவந்தார். புதுக் கதவைப் பார்க்கத் தலைவரும் எஞ்சினியரும்கூட வந்திருந்தார்கள். டிரைவர் யாரையும் பார்க்கவில்லை. சக்கரத்தைத் தள்ளினார். நாற்காலி நிலையில் உரசாமல் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, சத்தமே இல்லை. மனைவி கையைப் பிசைந்தார். உதவிக்குப் போவதா, சும்மா நிற்பதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தலைவர் "விழுந்துகிழுந்து வச்சிருக்கப் போறார்மா" என்று பயந்தார். எஞ்சினியர் போய்க் கதவை மெல்லத் தட்டினார்.

"ஆள் இருக்குல்ல உள்ள!" டிரைவரின் குரல் கட்டடமே அதிரும்படி வந்தது. லாரி ஓட்டிய காலத்துக் குரல். "மனுசன் ஒரு நிமிசம் நிம்மதியா உக்கார முடியுதா இந்த வீட்ல? எவன்டா அவன் தட்டறது?"

மனைவி அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

டேப்பம்மா எஞ்சினியரின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார். "காதுல விழுந்துச்சுல்ல? ஆள் இருக்காம். எல்லாரும் வெளிய நடங்க."