திறக்காத தண்ணீர் பாட்டில்

காலை காபியோடு இந்தப் பக்கத்தைப் பிரிக்கிறவர்கள் முதலில் காபியைக் குடித்து முடித்துவிடுங்கள். இந்த வாரம் விஷயம் அப்படி.

போன மாதம் சந்தவாசலில் இருக்கும் என் தங்கை மலர் வீட்டுக்குப் போயிருந்தேன். மலருக்கு நாற்பத்தாறு வயது. ஜவ்வாது மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. விடிந்ததும் கிளம்பி, போளூர் போய், பஸ் மாறி மலை ஏறி, சாயங்காலம் அதே வழியில் இறங்கி வருகிறாள். பதினோரு வருடமாக இதுதான்.

அவள் வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி. செடியா அது? மரம்! என் வீட்டுத் தொட்டியில் புளித்த மோர் ஊற்றிக் கெஞ்சினாலும் நாலு இலைக்கு மேல் விடாத அதே ஜாதிதான். இங்கே தளதளவென்று நிற்கிறது.

"இன்னாடி போடறே இதுக்கு?" என்று கேட்டேன். அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, முழுவதையும் செடிக்கு ஊற்றினாள்.

காலையில் அதை நிரப்பிக் கொடுத்தவளே நான்தான். ஒரு மடக்குகூடக் குறையவில்லை. பார்த்தேன்... கேட்கவில்லை. ஊர் உலகத்தையெல்லாம் உற்றுக் கவனித்து வாராவாரம் எழுதுகிறவளின் லட்சணம் இது!

அன்று வெள்ளிக்கிழமை. ராத்திரி சாப்பாடு ஆனதும் மலர் இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டு விழுங்கினாள்.

"எதுக்குடி மாத்திரை?"

"வயிறு சுத்தமாவறதுக்கு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை போட்டுக்குவேன்க்கா. நாளைக்கு லீவுதானே, வூட்டுலயே இருந்து முடிச்சுக்கலாம்."

அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை அடைப்பு, சனிக்கிழமை பேதி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. ஆரம்பத்தில் ஒன்று போதுமாம். இப்போது இரண்டு.

துருவித் துருவிக் கேட்டதில் பாட்டில் கதையும் வெளியே வந்தது. மலைப் பாதை வளைவுகளில் வயிற்றில் தண்ணீர் இருந்தால் குமட்டும். வழியில் ஒதுங்க இடம் கிடையாது. பள்ளியில் கழிப்பறை இருக்கிறது, ஆனால் அதன் தொட்டியில் பாதி நாள் தண்ணீர் இருக்காது. அதனால் அந்த பஸ்ஸில் போகும் ஐந்து டீச்சர்களும் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள் — எழுந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. யாராவது மறந்து பாட்டிலைத் திறந்தால் "ஏய், வேணாம்டி, அப்புறம் அவஸ்தைப்படுவே" என்று மற்ற நாலு பேரும் தடுப்பார்களாம். அப்படியே வயிறு கூப்பிட்டாலும் அடக்கிக்கொள்வார்களாம்.

அப்புறம் பாட்டில் எதற்கு?

"எடுத்துக்கினு போவலைன்னா வூட்ல திட்டறாங்களேக்கா..."

மாத்திரை உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பள்ளியின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்ட நாளை சனிக்கிழமை வேலை நாள்!

மலரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவம், அவள் சிரிக்கவில்லை.

"லீவு போடேன்டி."

"ஹெச்.எம். ஆம்பளைக்கா. இன்னான்னு எழுதறது?"

"காய்ச்சல்னு எழுது."

"அதை போன வாரம்தான் எழுதுனேன்."

காலையில் ஐந்து மணிக்கு ஒரு முறை போய்விட்டு வந்து, "அவ்ளோதான்க்கா, முடிஞ்சிடுச்சி" என்றாள். மாத்திரைக்கு அது தெரிய வேண்டாமா? எனக்கு நம்பிக்கை இல்லை. மலையைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

போளூர் தாண்டி மலை ஏறும்வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். வளைவுகள் ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை சில்லிட்டிருந்தது. நெற்றியில் வியர்வை.

கண்டக்டர் பார்த்துவிட்டார். "இன்னா டீச்சர், வாந்தியா? கவர் தரட்டா?"

மலர் 'ஆமாம்' என்று தலையாட்டினாள்!

உடனே கவர் வந்தது. முன் சீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வந்தது. ஜன்னலோர இடம் கொடுக்க ஒருவர் எழுந்து நின்றார். யாரோ முதுகைத் தடவினார்கள். அவளோ கவரை ஒரு கையிலும் எலுமிச்சம்பழத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, அசைந்தால் ஆபத்து என்று கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருக்கிறாள். மலைப் பாதையில் வாந்திக்கு எத்தனை ஏற்பாடு, எத்தனை இரக்கம்! வயிற்றின் இன்னொரு வாசலுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை.

"அக்கா... முடியல," என்று காதில் சொன்னாள். குரல் அழுகையில் இருந்தது. அவளிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த பஸ்ஸில் அப்படி ஒன்று நடந்துவிட்டால் அவள் மறுபடி இந்த மலை ஏற மாட்டாள். எனக்குத் தெரியும்.

எழுந்தேன். "வாந்தி இல்லீங்க. இவளுக்கு வயித்தால போவுது. வண்டியை எங்கயாச்சும் நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டிரைவர் மட்டும் திரும்பாமலேயே சொன்னார்: "ரெண்டு வளைவு தாண்டுனா ரோட்டு மேலயே ஒரு வூடு கீதும்மா. பாத்ரூம் கீது. கொஞ்சம் பொறுத்துக்கோங்க." சொல்லிவிட்டு, மேடு பள்ளம் பார்த்து வண்டியைப் பூப்போல ஓட்டினார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கார அம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மலர் ஓடி வந்த வேகத்திலேயே புரிந்துகொண்டு, "பின்னால போம்மா, தண்ணி உள்ளயே கீது" என்று கையைக் காட்டினார். டிரைவரும் கண்டக்டரும் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள்.

மலர் வெளியே வந்தபோது வாசலில் வரிசை நின்றது. மற்ற நாலு டீச்சர்களும்! "வண்டிதான் நின்னுடுச்சே... நாங்களும் போய்ட்டு வந்துடறோம்" என்றார்கள். பதினோரு வருடத்தில் அந்த பஸ் வழியில் அப்படி நின்றதே இல்லையாம். ஏனென்றால் யாருமே நிறுத்தச் சொன்னதில்லை.

பஸ் கிளம்பியதும் மலர் என் தோளில் சாய்ந்தாள். ரொம்பச் சன்னமாகச் சொன்னாள்: "ரத்தமும் வருதுக்கா. மூணு மாசமா. புத்துநோயா இருக்குமோன்னு பயமா கீது. யார்கிட்டயும் சொல்லல."

இவளைப் பார்த்துத்தான் முந்தின நாள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

பள்ளியில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு, நேராக மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண். நிதானமாகக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

"ஒரு பாட்டில்," என்றாள் மலர்.

"அது செடிக்கு," என்றேன் நான்.

பரிசோதித்துவிட்டு, ஆசனவாயில் வெடிப்பு என்றார். கல் மாதிரி இறுகிப்போனதை முக்கி முக்கி வெளியேற்றியதால் வந்த கிழிசல். ரத்தம் அங்கிருந்து வரவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் இந்த வயதில் ரத்தத்தை மூலம், சூடு என்று நாமே முடிவு செய்யக் கூடாது, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் குடலை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அவர் அன்று சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தினமும் போகாததெல்லாம் மலச்சிக்கல் அல்ல. இரண்டு நாளைக்கு ஒரு முறை சிரமமில்லாமல் போனால் அது அந்த உடம்பின் வழக்கம். வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவு, இறுகல், முக்கல், போன பிறகும் பாக்கி இருக்கிற உணர்வு... இதுதான் சிக்கல். சிலருக்குக் குடலே மெதுவாக நகரும். சிலருக்கு வாசல் தசை சரியாகத் திறக்காது. வருஷக்கணக்கில் அடக்கி அடக்கியே அந்த நிலைக்கு வந்தவர்கள் உண்டு. தைராய்டு குறைந்தாலும் வரும், சர்க்கரை நோயிலும் வரும், இரும்புச் சத்து மாத்திரையாலும் சில வலி மாத்திரைகளாலும்கூட வரும்.

பேதியும் ஒரே ஜாதி இல்லை. கெட்ட தண்ணீர், கெட்ட சாப்பாட்டால் திடீரென்று வந்து சில நாளில் நிற்பது ஒன்று. அதற்கு முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். சளியும் ரத்தமுமாகப் போய், காய்ச்சலும் இருந்தால் சீதபேதி. டாக்டரிடம் ஓட வேண்டும். நாலு வாரத்துக்கு மேல் இழுத்தால் பால் ஒத்துக்கொள்ளாததிலிருந்து குடல் அழற்சி வரை காரணம் தேட வேண்டியிருக்கும். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு உள்ளே மலம் கட்டியாக அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாகத் தண்ணீராகக் கசிவதும் உண்டாம். வீட்டில் பேதி என்று நினைத்து நிறுத்துகிற மாத்திரை கொடுப்பார்கள். அடைப்பு இன்னும் இறுகும். கடைசியாக, மலரைப் போல மாத்திரை போட்டு வரவழைக்கும் பேதி.

"அடைப்பையும் நீங்களே உண்டாக்கறீங்க, பேதியையும் நீங்களே உண்டாக்கறீங்க. நடுவுல உங்க குடல் இன்னா தப்பு பண்ணுச்சு டீச்சர்?" என்று கேட்டார் டாக்டர். என்ன சாப்பிடுகிறாள் என்றும் விசாரித்தார். மத்தியானம் ரஸ்க்! சாமையும் கொய்யாவும் கீரையும் விளைகிற மலையில் வேலை பார்க்கிறவள், சாமையை வாங்கி எனக்கு அனுப்பிவிட்டு ரஸ்க் கடிக்கிறாள்.

போன வாரம் போன் செய்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை. அவள் அழுதாள், நானும் அழுதேன்.

அந்த வளைவில் இப்போது பஸ் ஐந்து நிமிடம் நிற்கிறதாம். டீச்சர்கள் கேட்டார்கள், டிரைவர் சரி என்றுவிட்டார். வீட்டுக்கார அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு பெரிய டிரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வரும்போது அவரிடமே சாமையும் வாங்குகிறார்களாம்.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு குறையும் சொன்னாள். "கறிவேப்பிலைச் செடிதான் வாடிப்போச்சுக்கா. பாட்டில் காலியா வருதா, ஊத்தறதுக்கு ஞாபகமே வர்றதில்ல."

வாடட்டும்டி, என்றேன்.